கூப்பனும் செல்ஃப் செக்அவுட்டும்: சுங்கை சிப்புட் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அம்மா பால்மரம் வெட்டினார். அப்பா செம்பனைக் குலை வெட்டினார். நான் ஒரு பேரங்காடியில் நான்கு வருடம் வேலை செய்தேன். அதில் கடைசி இரண்டு வருடம், வாங்குபவரே சாமானை ஸ்கேன் செய்து காசு கட்டும் செல்ஃப் செக்அவுட் மிஷின்களுக்குப் பக்கத்தில் நின்று, மாட்டிக்கொண்டவர்களுக்கு உதவுவதுதான் வேலை. இப்போது அங்கே இல்லை. ஆனாலும் கோயிலில், கல்யாண வீட்டில், பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் யாராவது ஒரு கூப்பனை எடுத்து நீட்டி, "இதை அந்த மிஷின்ல போடலாமா?" என்று கேட்கிறார்கள். ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். கடைக்குக் கடை சிறு வித்தியாசம் இருக்கும். அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

கூப்பன், வவுச்சர் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. இது புரிந்தால் கீழே வரும் பாதிக் கேள்விகள் தாமாகவே தீர்ந்துவிடும். கூப்பன் என்பது விலைக்கழிவு. "இந்தச் சலவைத்தூள் வாங்கினால் 2 வெள்ளி (ரிங்கிட்) குறைவு" என்று ஒரு குறிப்பிட்ட சாமானோடு அல்லது குறிப்பிட்ட தொகையோடு கட்டப்பட்டிருக்கும். அந்தச் சாமான் இல்லாமல் அதற்கு மதிப்பே கிடையாது.

வவுச்சர் என்பது காசுக்குப் பதில். தீபாவளிக்கு முதலாளி கொடுப்பது, குலுக்கலில் விழுவது, கடையிலேயே காசு கொடுத்து வாங்கிப் பரிசளிப்பது எல்லாம் இந்த வகை. பத்திரிகையில் பற்றுச்சீட்டு என்று எழுதுவார்கள். 10 வெள்ளி, 50 வெள்ளி என்று முகப்பிலேயே அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் வரிசை எண்ணும் இருக்கும். கூப்பன் பில்லைக் குறைக்கிறது, வவுச்சர் பில்லைக் கட்டுகிறது. மிஷினுக்குள் இவை இரண்டும் வேறு வேறு கணக்கு.

மிஷின்ல போட முடியுமா, இல்ல கவுண்டருக்குத்தான் போகணுமா?

பார்கோடு உள்ள கூப்பனைப் பல மிஷின்கள் படிக்கும். வவுச்சர் என்றால், ஆள் உட்கார்ந்திருக்கும் கவுண்டருக்குப் போவதே நல்லது. வவுச்சர் காசு மாதிரி என்பதால் அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டி, இரவு எண்ணிக் கணக்குக் கொடுக்க வேண்டும். நம் ஊர்களில் இருக்கும் செல்ஃப் செக்அவுட் மிஷின்கள் பலவற்றில் ரொக்கமே போட முடியாது. கார்டு, இ-வாலட் மட்டும்தான். காசுப் பெட்டியே இல்லாத மிஷின் வவுச்சரை எங்கே வைக்கும்?

தள்ளுவண்டியோடு வரிசையில் நிற்பதற்கு முன்னாலேயே, மிஷின் பக்கம் நிற்கும் பிள்ளையிடம் சீட்டைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். முப்பது சாமானை ஸ்கேன் செய்து முடித்த பிறகு "இது இங்கே செல்லாது" என்று கேட்பதுதான் கொடுமை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கவுண்டரில் முதலிலிருந்து போட வேண்டியிருக்கும். அப்படி நின்ற ஆண்ட்டிகள் முகத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

எப்ப ஸ்கேன் பண்ணணும்? முதல்லயா கடைசியிலயா?

எல்லாச் சாமானையும் ஸ்கேன் செய்து முடித்த பிறகு, காசு கட்டும் பொத்தானைத் தொடுவதற்கு முன். முதலிலேயே போட்டால், எந்தச் சாமானில் கழிப்பது என்று மிஷினுக்குத் தெரியாது, தள்ளிவிடும். காசு கட்டும் பொத்தானைத் தொட்ட பிறகு போட்டால், பல மிஷின்களில் கழிவு சேராது. அப்படித் தொட்டுவிட்டால் பயப்பட வேண்டாம். கார்டை வைக்காத வரை திரும்பிப் போக வழி உண்டு. திரையின் ஓரத்தில் பின்னால் போகும் அம்புக்குறி இருக்கும்.

வவுச்சரை வாங்கும் மிஷினாக இருந்தால் இதற்கு நேர்மாறு. முதலில் காசு கட்டும் பொத்தான், அதற்குப் பிறகுதான் வவுச்சர். காரணம் முதல் கேள்வியில் சொன்னதுதான்: அது கழிவல்ல, கட்டணம்.

கூப்பனைப் போட்டதும் சிவப்பு விளக்கு எரிஞ்சு எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. நான் என்ன தப்பு பண்ணேன்?

ஒரு தப்பும் செய்யவில்லை. மிஷின் மேல் கம்பத்தில் இருக்கும் அந்த விளக்கு உங்களைக் காட்டிக்கொடுக்க வைத்ததல்ல, எங்களைக் கூப்பிட வைத்தது. கூப்பன் போட்டால் ஒரு ஆள் வந்து பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும் என்று பல கடைகளில் மிஷினை அப்படியே அமைத்திருக்கிறார்கள். திரையில் "சீலா துங்கு பந்துவான்" என்று வரும். உதவிக்குக் காத்திருங்கள் என்று அர்த்தம். நாங்கள் வந்து எங்கள் அட்டையைக் காட்டி, கூப்பனில் உள்ள சாமான் உங்கள் பையில் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு பொத்தானைத் தட்டுவோம். அரை நிமிட வேலை.

விளக்கு எரிய இன்னொரு காரணம் எடை. பை வைக்கும் தட்டுக்குக் கீழே தராசு இருக்கிறது. ஸ்கேன் செய்த சாமானுக்கு எவ்வளவு எடை ஏற வேண்டும் என்று மிஷினுக்குத் தெரியும். கூப்பனைத் தேட உங்கள் கைப்பையை எடுத்து அந்தத் தட்டில் வைத்தால், கணக்கில் இல்லாத எடை ஏறிவிட்டது என்று நிறுத்திவிடும். ஒருமுறை ஒரு பாட்டி, இடுப்பில் இருந்த சுருக்குப்பையை எடுத்துத் தட்டில் வைத்து, முடிச்சை அவிழ்த்து, உள்ளே எட்டாக மடித்து வைத்திருந்த கூப்பனை ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார். மிஷின் கத்திக்கொண்டே இருந்தது. பாட்டி பயந்துபோய்ச் சீட்டை மறுபடி மடிக்க ஆரம்பித்துவிட்டார், "வேணாம்மா, முழுக் காசே கட்டிடறேன்" என்று. சுருக்குப்பையைக் கையில் எடுக்கச் சொன்னேன், சத்தம் நின்றது. அந்தக் கூப்பன் 3 வெள்ளி. அவருக்கு அது பெரிய காசு. வெட்கத்தால் அதை விட்டுவிட்டுப் போக இருந்தார் என்பதுதான் எனக்கு இன்றும் மனசைப் பிசைகிறது.

கழிவுதான் கிடைச்சிருச்சே, அந்தப் பிள்ளை ஏன் கூப்பனை வாங்கி வெச்சுக்குது?

அந்த 2 வெள்ளியைக் கடை தன் கைக்காசில் இருந்து கொடுப்பதில்லை என்பதால். சலவைத்தூள் தயாரிக்கும் நிறுவனம் வெளியிட்ட கூப்பன் என்றால், கடை உங்களுக்கு இப்போது 2 வெள்ளி குறைக்கும், பிறகு சேர்த்து வைத்த கூப்பன்களை அனுப்பி நிறுவனத்திடம் அந்தக் காசை வசூலிக்கும். காகிதம்தான் அத்தாட்சி. வெட்டிய ரப்பர்ப் பாலின் எடைக் கணக்கு தோட்டத்துக் கிராணி (கணக்கர்) கைக்குப் போகாவிட்டால் அம்மாவுக்குச் சம்பளம் எப்படி வராதோ, அப்படித்தான் இதுவும். கூப்பன் வரவில்லை என்றால் அந்த 2 வெள்ளி கடைக்கு நட்டம், இரவு கணக்கில் அது மிஷின் பக்கம் நின்றவர் தலையில் விழும்.

இந்த முறை புதிதல்ல. அமெரிக்காவில் 1887-இல் கோகோ கோலாவை இலவசமாக ஒரு குவளை குடித்துப் பார்க்கச் சீட்டுக் கொடுத்தார்கள். அப்போதே சீட்டை வாங்கிக்கொண்டுதான் குவளையைக் கொடுத்தார்கள்.

மடிச்சு வெச்சிருந்தேன். இப்ப மிஷின் படிக்கவே மாட்டேங்குது. அவ்வளவுதானா?

பெரும்பாலும் இல்லை. மடிப்பு எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். பார்கோடின் கறுப்புக் கோடுகள் நெட்டாக நிற்கின்றன அல்லவா? மடிப்பு அவற்றைக் குறுக்கே வெட்டினால் பாதகமில்லை. மிஷினுக்கு எல்லாக் கோடுகளையும் தாண்டிப் போகும் ஒரே ஒரு சுத்தமான பாதை போதும். மடிப்புக்கு மேலேயோ கீழேயோ அது கிடைத்துவிடும். மடிப்பு கோடுகளோடு சேர்ந்து நெட்டாக விழுந்தால்தான் ஆபத்து. மை உரிந்து ஒரு கோடு மெலிந்தாலோ காணாமல் போனாலோ எந்தப் பக்கத்தில் இருந்து படித்தாலும் அதே குறைதான் வரும். ஆகவே மடிக்கத்தான் வேண்டும் என்றால் பார்கோடை விட்டு மடியுங்கள்.

படிக்காத கூப்பனை மேஜையில் வைத்து உள்ளங்கையால் நீவி, தட்டையாகப் பிடித்து, கண்ணாடியில் இருந்து ஒரு விரல் நீளம் தள்ளிக் காட்டுங்கள். ஒட்டி வைத்துத் தேய்த்தால் படிக்காது. அப்படியும் வரவில்லை என்றால் கோடுகளுக்குக் கீழே உள்ள எண்களை எங்களால் தட்ட முடியும். வழக்கமாக 13 எண்கள் இருக்கும். அதில் கடைசி எண் மற்ற 12 எண்களில் இருந்து கணக்குப் போட்டு வருவது. இடமிருந்து எண்ணி, ஒற்றை இடத்து எண்களை அப்படியே கூட்டி, இரட்டை இடத்து எண்களை மூன்றால் பெருக்கிக் கூட்டி, அடுத்த பத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் பதின்மூன்றாவது எண். நாங்கள் ஒரு எண்ணைத் தவறாகத் தட்டினால் இந்தக் கணக்கு இடிக்கும், மிஷின் ஏற்காது. அதனால் தவறான சீட்டு விழுந்துவிடுமோ என்று கவலைப்பட வேண்டாம்.

கூடவே ஒன்று. மலேசியாவில் பதிவான சாமான்களின் பார்கோடு 955 என்று தொடங்கும். கூப்பனுக்கென்று உலக அளவில் ஒதுக்கிய எண்கள் 99 என்று தொடங்கும். கடைகள் தங்களுக்குள் மட்டும் செல்லும் எண்களைப் பெரும்பாலும் 2-இல் தொடங்குவார்கள். கையில் இருப்பது 2-இல் தொடங்கினால், அது அந்தக் கடைக்கு மட்டுமே உரிய சீட்டாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வேறு கடையில் முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள்.

ரெசிட்டோட வந்த கூப்பன் வெள்ளையாப் போச்சு. பத்திரமாத்தானே வெச்சிருந்தேன்?

அது மை போட்டு அச்சடித்தது அல்ல. அந்தக் காகிதத்திலேயே ஒரு மருந்து பூசியிருக்கும். சூடு பட்ட இடம் கறுக்கும். மிஷின் அந்தச் சூட்டை எழுத்து வடிவில் கொடுக்கிறது, அவ்வளவுதான். அதனால் வெயில், எண்ணெய்க் கை, சில வகை பிளாஸ்டிக் உறை எல்லாமே அதற்கு எதிரி. அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய காலத்துப் பங்குச் சீட்டை, டிரங்குப் பெட்டியில் இன்றும் எழுத்து மங்காமல் வைத்திருக்கும் குடும்பங்கள் நம் ஊரில் உண்டு. அந்தப் பழக்கத்தில் இதையும் பெட்டியில் வைக்கிறோம். ஆனால் இது அந்தக் காகிதம் இல்லை. சில மாதத்திலேயே மங்கிவிடும்.

மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள். லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். ஓர் அங்கிள், கூப்பன் கெடக்கூடாது என்று கடையில் 2 வெள்ளி கொடுத்து லேமினேட் போட்டு எடுத்து வந்தார். அந்தச் சூட்டில் சீட்டு முழுவதும் கரிக்கட்டை மாதிரி கறுத்துவிட்டது. கூப்பனின் மதிப்பு 5 வெள்ளி. செய்ய வேண்டியது எளிது: சாதாரணக் காகித உறையில் போட்டு அலமாரியில் வையுங்கள், வாங்கின அன்றே போனில் தெளிவாக ஒரு படம் எடுத்து வையுங்கள். படம் கூப்பனுக்குப் பதிலாகாது. ஆனால் எழுத்து மங்கிய சீட்டோடு படத்தையும் காட்டினால், அந்த எண்ணைத் தட்டிப் பார்க்க மேற்பார்வையாளர் பல நேரம் சம்மதிப்பார்.

கூப்பன்ல மலாய்ல பொடிப்பொடியா எழுதியிருக்கு. எதைப் பாக்கணும்?

நான்கைந்து சொற்களைத் தெரிந்து வைத்தால் போதும். "சா செஹிங்கா" என்றால் இந்தத் தேதி வரை செல்லும். பக்கத்தில் உள்ள தேதியில் முதலில் நாள், பிறகு மாதம். "பெர்பெலாஞ்சாஆன் மினிமம்" என்றால் குறைந்தது இவ்வளவுக்கு வாங்கியிருக்க வேண்டும். "சத்து திரான்சாக்சி" என்று எங்காவது இருந்தால் ஒரு பில்லுக்கு ஒன்றுதான். "தீடாக் போலே டித்துகார் டெங்கான் வாங் துனாய்" என்றால் ரொக்கமாக மாற்றித் தர மாட்டார்கள்.

மிக முக்கியமானது "தீடாக் தெர்மாசோக்", இவை சேராது என்று அர்த்தம். அதற்குப் பிறகு வரும் பட்டியலில் வழக்கமாக சிகரெட், கைக்குழந்தைப் பால்மாவு, சில நேரம் அரிசி, எண்ணெய் போன்ற விலைக்கட்டுப்பாட்டுச் சாமான்கள் இருக்கும். இவற்றை வாங்கலாம், ஆனால் குறைந்தபட்சத் தொகைக் கணக்கில் சேர மாட்டா.

50 வெள்ளிக்கு மேல வாங்கணும்னு போட்டிருந்துச்சு. 51 வெள்ளிக்கு வாங்கியும் மிஷின் ஏத்துக்கலையே?

மூன்று காரணம் இருக்கலாம். ஒன்று, மேலே சொன்ன சேராத சாமான்கள் அந்த 51-க்குள் இருக்கலாம். இரண்டு, நெகிழிப்பைக்குப் போட்ட 20 சென் போன்ற கட்டணத்தைக் கடை கணக்கில் சேர்க்காமல் இருக்கலாம். மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது: வேறொரு கூப்பனை முதலில் போட்டிருப்பீர்கள். 51 வெள்ளி 20 சென்னுக்குச் சாமான் எடுத்து, 2 வெள்ளி சலவைத்தூள் கூப்பனைப் போட்டதும் பில் 49 வெள்ளி 20 சென் ஆகிவிடுகிறது. பிறகு 50 வெள்ளிக் கூப்பனைக் காட்டினால் மிஷின் மறுக்கிறது.

கழிவுக்கு முந்திய தொகையைப் பார்க்கும் கடையும் உண்டு, பிந்திய தொகையைப் பார்க்கும் கடையும் உண்டு. அதனால் பெரிய தொகை கேட்கும் கூப்பனை முதலில் போடுங்கள். அப்படியும் இடித்தால், வீட்டுக்கு எப்படியும் வேண்டிய ஒரு சவர்க்காரத்தையோ பிஸ்கட்டையோ சேர்த்துக்கொள்ளுங்கள். கூப்பனுக்காக வேண்டாத சாமானை வாங்காதீர்கள். 5 வெள்ளி மிச்சம் பிடிக்க 12 வெள்ளி செலவழித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வவுச்சர்ல மிச்சக் காசு திருப்பித் தருவாங்களா?

வழக்கமாகத் தர மாட்டார்கள். 50 வெள்ளி வவுச்சரைக் கொடுத்து 43 வெள்ளி 60 சென்னுக்கு வாங்கினால், மீதி 6 வெள்ளி 40 சென் போனது போனதுதான். ஆகவே வவுச்சர் தொகையைவிடக் கொஞ்சம் கூடவே வாங்கி, கூடின தொகையை ரொக்கமாகவோ கார்டிலோ கட்டுங்கள். முதலாளி 50 வெள்ளி கொடுக்கப் போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்தால், பத்து வெள்ளிச் சீட்டுகள் ஐந்தாகக் கேளுங்கள்.

பில்லு 20 வெள்ளி 87 சென். கார்டுல 87 எடுத்துச்சு, கவுண்டர்ல காசு கட்டினா 85 வாங்குறாங்க. ஏமாத்துறாங்களா?

இல்லை. நம் நாட்டில் 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கத்துக்கு மட்டும் அருகிலுள்ள 5 சென்னுக்கு மாற்றிவிடுவார்கள். 1, 2 என்றால் கீழே இறங்கும், 3, 4 என்றால் 5 ஆகும், 6, 7 என்றால் 5-க்கு இறங்கும், 8, 9 என்றால் பத்துக்கு ஏறும். கூப்பன் கழித்த பிறகு வரும் மொத்தத் தொகைக்குத்தான் இது, ஒவ்வொரு சாமானுக்கும் அல்ல.

மைகார்டுல வந்த சாரா காசையும் இந்த மிஷின்ல கட்டலாமா?

சாரா என்பது அடையாள அட்டையான மைகார்டு வழியாக அரசாங்கம் தரும் உதவிக் காசு. நான் பார்த்த வரை அதற்கு ஆள் இருக்கும் கவுண்டருக்குத்தான் போக வேண்டும். அங்கேதான் மைகார்டைச் செருகும் கருவி இருக்கும். 2025 ஆகஸ்டு 31 முதல் டிசம்பர் 31 வரை 18 வயது நிரம்பிய மலேசியர் எல்லாருக்கும் 100 வெள்ளி வந்தபோது, அதைக் கூப்பன் என்று நினைத்து மிஷினில் மைகார்டைத் தேய்த்தவர்கள் பலர். அது காகிதமும் இல்லை, கழிவும் இல்லை. குறிப்பிட்ட வகைச் சாமான்களுக்கு மட்டும் செல்லும் அரசாங்கக் காசு.

கையில் காகிதக் கூப்பனும் இருக்கிறது, சாராவும் இருக்கிறது என்றால் இரண்டு பில்லாகப் பிரிக்கச் சொல்லுங்கள். அரிசி, முட்டை, எண்ணெய் ஒரு பில். மற்றது இன்னொன்று. கவுண்டர்ப் பிள்ளை முகம் சுளித்தாலும் பரவாயில்லை, கேட்பதில் தப்பில்லை.

பீர், பன்றி இறைச்சிக்குக் கூப்பன் செல்லுமா?

பன்றி இறைச்சிக்குத் தனி இடமும் தனிக் கவுண்டரும் இருக்கும், மிஷினுக்குக் கொண்டுவராதீர்கள். மதுவுக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், ஆள் வந்து பார்க்காமல் மிஷின் விடாது. இரண்டுக்குமே பெரும்பாலும் கூப்பன் செல்லாது.

வாட்ஸ்அப்ல 300 வெள்ளி வவுச்சர் வந்துச்சு, பிரிண்ட் எடுத்துட்டுப் போனா செல்லுமா?

கடையின் ஆண்டு விழா, பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், இருபது பேருக்கு அனுப்புங்கள் என்று வந்தால் அது மோசடி. அப்படி வந்த காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இருந்து பஸ் பிடித்து வந்தவர்களிடம் "செல்லாது" என்று சொல்வதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்த வேலை. அந்த இணைப்பைத் தொட்டு வங்கி விவரம் கொடுத்துக் காசு போயிருந்தால், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் 997-க்கு அழையுங்கள். தேசிய மோசடி மறுமொழி மையத்தின் எண் அது.

பசார் மாலாமில் 50 வெள்ளி வவுச்சரை 35-க்கு விற்பவரிடம் வாங்காதீர்கள். வவுச்சருக்கு வரிசை எண் உண்டு என்று முதலிலேயே சொன்னேன். ஒரு எண்ணை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். நகல் எடுத்து நான்கு பேருக்கு விற்றிருந்தால், முதலில் கடைக்குப் போனவருக்கு மட்டும் செல்லும். கையில் இருப்பது உண்மையா என்று வாங்குவதற்கு முன் உங்களுக்குத் தெரிய வழியே இல்லை.

அந்தப் பிள்ளை கூப்பனை வாங்க மறந்திருச்சு. அடுத்த வாரம் மறுபடியும் போட்டுக்கலாமா?

கூடாது. வரிசை எண் உள்ளது என்றால் எப்படியும் செல்லாது. எண் இல்லாத கூப்பன் என்றால் மிஷின் ஒருவேளை ஏற்றுக்கொள்ளும், ஆனால் நட்டம் யார் தலையில் விழுகிறது என்று மேலே சொன்னேன். நம் லயத்துப் பிள்ளைகள்தான் பலரும் அங்கே நிற்கிறார்கள். திரும்பிப் போய்க் கொடுத்துவிடுங்கள்.

கூப்பன் போட்டு வாங்கின சாமான் கெட்டுப்போயிருந்துச்சு. "கழிவுல வாங்கினது, மாத்த முடியாது"ன்னு சொல்றாங்க.

அப்படிச் சொல்ல அவர்களுக்கு இடமில்லை. சாமான் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உத்தரவாதம். கடை ஒரு பலகை மாட்டி அதை இல்லாமல் ஆக்க முடியாது. முழு விலைக்கு வாங்கினாலும் கழிவில் வாங்கினாலும் ஒன்றுதான். ஆனால் நீங்கள் கட்டிய தொகையைத்தான் திருப்பிக் கேட்கலாம். 12 வெள்ளிச் சாமானை 10-க்கு வாங்கியிருந்தால் திரும்ப வருவது 10. கூப்பனைத் திரும்பத் தரும் கடைகள் குறைவு.

சாமான் நன்றாக இருந்து, மனசு மாறித் திருப்பிக் கொடுப்பது வேறு விஷயம். அது கடையின் விருப்பம்.

வீட்டுக்கு வந்து ரெசிட்டைப் பார்த்தா கூப்பன் கழியவே இல்ல. இனிமே என்ன செய்ய?

இது எனக்கே நடந்திருக்கிறது. வேறு ஒரு கடையில், திரையில் கழிந்த மாதிரி காட்டியது, வீட்டில் பார்த்தால் ரெசிட்டில் இல்லை. ரெசிட்டை எடுத்துக்கொண்டு மறுநாளே போனேன். வாடிக்கையாளர் சேவை முகப்பில் முதலில் "மிஷின் தப்புச் செய்யாது" என்றார்கள். மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொன்னேன். எந்த மிஷின், எத்தனை மணி என்பது ரெசிட்டின் அடியிலேயே அச்சாகியிருக்கும். அதை வைத்து அவர்கள் பதிவைப் பார்த்தார்கள். கூப்பன் ஒப்புதலுக்கு நின்று, ஒப்புதல் கொடுக்காமலே பில் முடிந்திருந்தது. 4 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆகவே ரெசிட்டைக் கடை வாசலைத் தாண்டுவதற்குள் பாருங்கள். கழிவு இருந்தால் கூப்பனுக்கு நேரே கழித்தல் குறியோடு தொகை இருக்கும்.

கடை மறுத்தால், உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சில் புகார் செய்யலாம். தொகை பெரிது என்றால் பயனீட்டாளர் உரிமைக் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 5 வெள்ளி கட்டணம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. 4 வெள்ளிக்கு யாரும் அங்கே போகப்போவதில்லை. ஆனால் தீபாவளிக்கு வாங்கிய நூற்றுக்கணக்கான வெள்ளி வவுச்சர் செல்லாது என்று ஒரு கடை கைவிரித்தால், இப்படி ஒரு இடம் உண்டு என்று தெரிந்திருக்க வேண்டும்.

எங்க ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது, மலாயும் அவ்வளவா வராது. தனியாத்தான் கடைக்குப் போறாங்க. கூப்பனை எப்படிப் பயன்படுத்துவாங்க?

நான் நின்ற மிஷின்களில் மலாய், ஆங்கிலம், சீனம் இருந்தன, தமிழ் இல்லை. ஆகவே ஆயாவை மிஷின் பக்கம் அனுப்பாதீர்கள், கவுண்டருக்கே போகச் சொல்லுங்கள். போவதற்கு முன் கூப்பனில் உள்ள சாமானின் படத்தைப் போனில் காட்டி, "இந்த நிறப் பொட்டலம், இந்த அளவு" என்று சொல்லி அனுப்புங்கள். அளவு மாறினால் கூப்பன் செல்லாது. ஒரு கிலோவுக்குரிய கூப்பனுக்கு அரைக் கிலோவை எடுத்துவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

என் பாட்டிக்கு நான் செய்தது இது: கூப்பனோடு ஒரு துண்டுக் காகிதத்தைக் குத்தி, "சாயா அடா கூப்போன், தோலோங் செமாக்" என்று மலாயில் எழுதிக் கொடுத்தேன். என்னிடம் கூப்பன் இருக்கிறது, தயவுசெய்து பாருங்கள் என்று அர்த்தம். காசு கட்டுவதற்கு முன் அதை நீட்டினால் போதும், வாய் திறந்து எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் துண்டுக் காகிதத்தைக் கவுண்டர்ப் பிள்ளை ஒவ்வொரு முறையும் திருப்பிக் கொடுத்துவிடுவார். பாட்டி அதை இன்னும் அடையாள அட்டைக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்.